பணியக்கணக்குப் பாலம் காணாமல் போன கதை

தர்மராசா சாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் கைக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தை எங்கே தேடிப் பிடித்தார்களோ தெரியவில்லை. எத்தனையோ வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு அவர் அப்படியொரு சிரிப்பைக் காட்டியதில்லை. உள்ளே, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய மைத்துனர் எழுதியிருக்கிறார்: “அன்னார் சாந்த சொரூபி. எவரையும் கடிந்து பேசாதவர். எளிய வாழ்வு, உயர்ந்த பனி.”

பணி என்றுதான் எழுத நினைத்திருப்பார். அச்சகத்தில் பனியாகிவிட்டது.

அந்த மலரைச் சார் மட்டும் பார்த்திருந்தால் முதலில் பனிக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டிருப்பார். அடுத்து ‘சாந்த சொரூபி’யை வெட்டி, ஓரத்தில் ‘ஆதாரம்?’ என்று கேட்டிருப்பார். அதன் பிறகு அச்சகத்துக்குப் போன் எடுத்து, சாந்தம் எப்படி இருக்கும் என்று காட்டியிருப்பார்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். மற்றவர்களின் தமிழைத் திருத்துவது அவருக்கு ஒரு வியாதி. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ‘கோழிக் கரி’ என்று எழுதியிருந்த பலகையைத் திருத்தப் போய், அங்கே அவருக்குச் சோறு போடுவதையே நிறுத்திவிட்டார்கள். கல்யாண அழைப்பிதழ் வந்தால் பிழைகளைத் திருத்தி, அழைத்தவருக்கே தபாலில் திருப்பி அனுப்புவார். அவருடைய மனைவி குணமணி அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்: “இந்த மனுசனாலை எங்களை ஒருத்தரும் கலியாணத்துக்குக் கூப்பிடுறேல்லை, பிள்ளை. செத்த வீட்டுக்கு மட்டுந்தான் கூப்பிடுகினம். அதுக்கு அழைப்பிதழ் இல்லைத்தானே.”

சார் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவர். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராகப் பதுளைக்கு வந்து, இங்கேயே தங்கி, எங்கள் மாகாண சபை வந்த பிறகு அதில் உரைபெயர்ப்பாளரானார். சிங்களத்தில் பேசுவதைத் தமிழிலும், தமிழில் பேசுவதைச் சிங்களத்திலும், பேசுகிறவர் மூச்சு விடுவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். சபா மண்டபத்தின் பின்சுவரோரம் எங்களுக்கென்று ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் இரண்டு நாற்காலி, இரண்டு மைக், ஒரு மின்விசிறி. மின்விசிறியின் சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதைப் போடக்கூடாது. மைக்கை நிறுத்தினால் போடலாம், ஆனால் அப்போது அங்கே எங்களுக்கு வேலை இருக்காது.

நாங்கள் சொல்வதைக் கேட்க வேண்டிய தமிழ் உறுப்பினர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் ஒருவர் ஹெட்போனைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொள்வார். இன்னொருவர் அதே ஹெட்போனுக்குள் தன் போன் வயரைச் செருகி கிரிக்கெட் கேட்பார். நமுனுகுலப் பக்கத்து உறுப்பினர் வீரய்யா, எங்கள் இருவரையும் விட நன்றாகச் சிங்களம் பேசுவார். ஆக, சார் நெற்றி வியர்க்கத் தமிழில் பெயர்த்த ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சைக் கேட்டது இரண்டே பேர்: நானும், சபைப் பேச்சுப் பதிவேடான ஹன்சாட்டுக்குப் பதிவு செய்யும் இயந்திரமும். இயந்திரம் அடிக்கடி பழுதாகும்.

அதற்காகச் சார் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒருநாள் ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் எதிர்க்கட்சிக்காரரைக் கழுதை என்று சொல்லிவிட்டார். தவிசாளர் வாபஸ் வாங்கச் சொன்னார். அவர் எழுந்து, கழுதை என்ற சொல்லை வாபஸ் பெறுகிறேன், கழுதைகளின் கௌரவம் கருதி, என்றார். சபை சிரித்தது. சார் மட்டும் செய்தி வாசிக்கும் குரலில், “கௌரவ உறுப்பினர் கழுதை என்ற சொல்லை மீளப்பெறுகின்றார். காரணம், கழுதைகளின் கௌரவம்” என்று மைக்கில் சொன்னார். நான் கூண்டுக்குள் மேசைக்கடியில் குனிந்து சிரித்தேன். மைக்கை நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, நாங்கள் சிரிக்கக்கூடாது. கோவிக்கக்கூடாது. சொன்னதைச் சொல்ல வேணும். அவ்வளவுதான்.”

உரைபெயர்ப்பாளருக்கு ‘நான்’ கிடையாது என்பது அவருடைய மதம். அமைச்சர் “நான் உறுதியளிக்கிறேன்” என்றால் சாரும் “நான் உறுதியளிக்கிறேன்” என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி அவர் வாயால் உறுதியளித்த தண்ணீர்த் தாங்கிகளையும் பாடசாலைக் கட்டடங்களையும் வரிசையாக வைத்தால் பதுளையிலிருந்து பசறை வரை போகும். சிற்றுண்டிச்சாலை ஷப்ராஸ் தேநீர் கொடுக்கும்போது சீண்டுவான்: “சேர், நேத்து நீங்க தாறதா சொன்ன தண்ணி டேங்க் எப்ப வரும்?” சார் தேநீரில் சீனி கூடிப்போச்சு என்று மட்டும் சொல்வார்.

இப்படி ஒரு பிழையும் விடாத மனிதர் விட்ட ஒரே பிழையைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

நமுனுகுல மலையடிவாரத்தில் வெள்ளைப்பாறைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்கு மூன்று பிரிவுகள். அந்தக் காலத்தில் பிரிவுக்கு ஒரு கணக்கப்பிள்ளை இருந்ததாலோ என்னவோ, தோட்டத்துச் சனம் பிரிவைக் கணக்கு என்றே சொல்லும். மேலே இருப்பது மேக்கணக்கு. நடுவில் இருப்பது நடுக்கணக்கு. பள்ளத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது பணியக்கணக்கு. பணிய என்றால் கீழே. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொக்குவிலில் யாரும் யாருக்கும் சொல்லித்தந்திருக்கவும் மாட்டார்கள்.

பணியக்கணக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆற்றைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு இரண்டு சவுக்குமரக் கட்டைகள் போட்டிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் ஆறு அந்தக் கட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விடும். வருடா வருடம் புதுக் கட்டை போடுவார்கள். வருடா வருடம் ஆறும் எடுத்துப் போகும். தேர்தல் நேரம் வீரய்யா அங்கே போய், மேடையேறி, “உங்க பணியக்கணக்குக்குப் பாலம் ஒதுக்கியாச்சு!” என்று முழங்கினார். கை தட்டினார்கள். வோட்டும் போட்டார்கள். அந்த மார்கழியும் ஆறு கட்டையை எடுத்துக்கொண்டு போனது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் நடந்த நாள் அது. கொழுந்தெடுக்கும் அங்கம்மாவின் மகள் லதுஷா, அயன் பண்ணிய வெள்ளைச் சீருடையோடு அந்தக் கரையிலேயே நின்று அழுதுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அங்கம்மா மாதர் சங்கத் தலைவி. அழுகிற ஆள் இல்லை. மகள் அடுத்த மார்கழியில் மறுபடி பரீட்சை எழுத வேண்டும், அதற்குள் பாலம் வர வேண்டும் என்று முடிவு செய்து, கோயில் கமிட்டி ஆள் ஒருவரைப் பிடித்து, உத்தியோகத் தமிழில் ஒரு மனு எழுதி வாங்கிச் சபைக்கு அனுப்பினாள்: “வெள்ளைப்பாறைத் தோட்டப் பணியக் கணக்கிற்கு ஒதுக்கப்பட்ட பாலம் இதுவரை வந்து சேரவில்லை. இதனை விசாரித்து உரிய நடவடிக்கை எடுக்குமாறு பணிவாய் வேண்டுகிறோம்.”

மனு வந்தபோது நான் பிரசவ விடுமுறையில் இருந்தேன். சார் தனியாக மொழிபெயர்த்தார். ‘பணியக் கணக்கு’ என்ற சொல்லைக் கண்டதும் அவருக்கு அருவருப்பாக இருந்திருக்க வேண்டும். பணி தெரியும், கணக்கு தெரியும், நடுவில் இந்த ‘ய’ என்ன செய்கிறது? சிவப்புப் பேனாவால் ‘ய’வை வெட்டினார். ‘பணிக் கணக்கு’ ஆனது. அதற்குச் சிங்களத்தில் ‘வெட கிணும’ என்று எழுதினார். கிணும என்றால் வங்கியில் இருக்கிற கணக்கு, வரவு செலவுக் கணக்கு. ஆகவே சிங்களத்தில் அந்த மனு இப்படி ஆகிவிட்டது: தோட்டத்தின் வேலைக் கணக்குக்கு ஒதுக்கப்பட்ட ஒரு பாலம் வந்து சேரவில்லை. விசாரியுங்கள்.

பாதை, பாலம் என்றால் வீதிக் குழுவுக்குப் போக வேண்டும். கணக்கு என்றிருந்ததால் இது கணக்குக் குழுவுக்குப் போனது. கணக்குக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சிக்காரர். தொழிலால் வழக்குப் பேசும் சட்டத்தரணி. அடுத்த முதலமைச்சர் தானே என்று கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தவர். அவர் மேசைக்கு, ஒதுக்கப்பட்டுக் காணாமல் போன ஒரு முழுப் பாலம் வந்து விழுந்தது. இதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் காணாமல் போன நாற்காலிகளும் ஒரு போட்டோக் கொப்பி மெஷினும்தான்.

விசாரணை நாள் வந்தது. நானும் வேலைக்குத் திரும்பியிருந்தேன். குழு அறையில் கூண்டு கிடையாது. சாட்சிக்குப் பக்கத்தில் சார் உட்கார்ந்தார். அவர் களைத்தால் மாற்றிக்கொள்ள நான் பின்னால் உட்கார்ந்தேன். அங்கம்மா பச்சைச் சேலையில், காலை ஐந்து மணிக்கே புறப்பட்ட களைப்பு ஏதுமில்லாமல் நிமிர்ந்திருந்தாள். எதிரே வீரய்யா, இது என்ன விசாரணை என்றே தெரியாமல் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமிச் சிங்களத்தில் கேட்டார். சார் தமிழில் சொன்னார்: “இந்தக் கணக்கைப் பராமரிப்பவர் யார்?”

“எங்க கணக்கையாங்க? முந்தி கணக்கப்பிள்ளை இருந்தாருங்க.”

சார் பெயர்த்தார். கணக்குக்குக் கிணும, கணக்கப்பிள்ளைக்குக் கணக்காளர்.

“அந்தக் கணக்காளர் இப்போது எங்கே?”

“அவர் செத்துப் போயிட்டாருங்க.”

வீரய்யா வடையைக் கீழே வைத்தார். தலைவர் பேனாவை எடுத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். பாலமும் இல்லை, கணக்காளரும் உயிரோடு இல்லை!

“அப்படியானால், இப்போது அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?”

அங்கம்மா யோசித்தாள். “நூத்திப்பத்துக் குடும்பம் இருக்குங்க. பத்து லயம். ஒரு மாரியம்மன் கோயில்.”

சார் வாயைத் திறந்தார். மூடினார். அத்தனை வருடத்தில் அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றதை நான் பார்த்ததில்லை. அங்கம்மா வாயிலிருந்து ‘எங்க கணக்கு’ என்று கேட்ட உடனேயே எனக்கு விளங்கியிருந்தது. குனிந்து அவர் காதில் சொன்னேன்: “சார், கணக்குன்னா தோட்டத்துல டிவிஷன். பணியக்கணக்குன்னா கீழ் டிவிஷன்.”

அவர் காது மடல் சிவந்ததை மிக அருகில் பார்த்தேன்.

நல்ல நேரம், ஷப்ராஸ் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். எங்கள் சபையில் எந்த விசாரணையும் தேநீருக்கு முன்னால் நிற்காது. தலைவர் இடைவேளை விட்டார்.

வெளி விறாந்தையில் சார் சுவரைப் பார்த்து நின்றார். “எழுதினது நான். கையெழுத்தும் என்ரை. அந்த ‘ய’வை வெட்டினதும் நான்தான். உள்ளை போன உடனை எழும்பிச் சொல்லுறன். பிழையைப் பிழை எண்டு பதிய வேணும்.”

“சொன்னா மனு வீதிக் குழுவுக்குப் போயிடும் சார்.”

“போகட்டும். அங்கைதான் போக வேணும்.”

வீதிக் குழு எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். அதன் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வாகனத்தின் பேரில் சண்டை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், வருகிறவர் தேநீர் குடித்து, படிக் காசுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த வருடம் முழுக்க அந்தக் குழு கூடவே இல்லை.

அங்கம்மா தேநீரோடு எங்களிடம் வந்தாள். “என்னாங்க சார், நா ஏதும் தப்பாச் சொல்லிப்புட்டேனா?”

“இல்லை, அம்மா. பிழை என்னிலை. உங்கடை மனு வேறை இடத்துக்குப் போக வேணும். கொஞ்சம் சுணங்கும்.”

“டிசம்பருக்குள்ள பாலம் வராதுங்களா?”

சாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “வராது.”

அங்கம்மா கோப்பையை ஊதி ஒரு மிடறு குடித்தாள். “பரவாயில்லைங்க சார். ஒங்களுக்குப் பிழை இல்லாம இருந்தாச் சரி. எங்க மகள நீந்தப் பழகிக்கச் சொல்றேன்.”

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, தேநீர் நல்லா இருக்குங்க, எங்க எல கலந்திருப்பாங்க போல, என்று ஷப்ராஸைப் பாராட்டப் போய்விட்டாள். சார் கையிலிருந்த தேநீர் ஆறியது. அதில் சீனி கூடிப்போச்சு என்று கூட அவர் சொல்லவில்லை.

உள்ளே போனதும் தலைவர் நேராகச் சாரைத்தான் கேட்டார். முன்பு நிறுத்திவிட்டீர்களே, மொழிபெயர்ப்பில் ஏதும் பிழையா?

சார் எழுந்து நின்றார். கோட்டின் பொத்தானைப் போட்டார். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

“கௌரவ தலைவர் அவர்களே, சாட்சி உச்சரித்த சொல் கணக்கு. கணக்கு என்ற தமிழ்ச் சொல்லுக்குச் சிங்களத்தில் கிணும. எந்த அகராதியிலும் பார்த்துக்கொள்ளலாம்.”

ஒரு சொல்லும் பொய்யில்லை. அகராதியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். தலைவர் திருப்தியோடு தலையாட்டினார். சார் உட்கார்ந்தார். அவர் பதிவில் அந்தப் பிழை இனி என்றைக்கும் இருக்கும். அதைத் திருத்தும் வாய்ப்பை அவரே கதவைச் சாத்தி அனுப்பிவிட்டார்.

கணக்கில் எவ்வளவு என்று கேட்டதை மறந்து தலைவர் தொடர்ந்தார்: இந்தப் பாலம் இல்லாததால் நேர்ந்த பாதிப்பு என்ன?

இப்போது அங்கம்மாவுக்கு வாய் நன்றாகத் திறந்துகொண்டது. “எங்க மக போன வருசம் கணக்குப் பரீட்சைக்குப் போக முடியலைங்க. எங்க கணக்கு ஆத்துல தண்ணி. கணக்குல பெயில்னு வந்திருச்சு. எங்க கணக்குல இருக்கிற புள்ளைங்க எல்லாத்துக்கும் இதே கணக்குத்தாங்க.”

சாரின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. நினைவு மலரின் அட்டையில் இருக்கும் சிரிப்பு அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. கணக்குப் பாடத்துக்குச் சிங்களத்தில் வேறு சொல் இருக்கிறது. அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் எல்லாக் கணக்கையும் கிணும என்றே பெயர்த்தார். கணக்குப் பரீட்சை, கணக்குப் பரிசோதனை, அதாவது தணிக்கை, ஆயிற்று. சாட்சியின் மகள் கணக்குப் பரிசோதனைக்குச் செல்லவிடாமல் தடுக்கப்பட்டிருக்கிறாள்! தலைவர் மேசையில் ஓங்கி அடித்தார்.

“தடுத்தது யார்?”

“ஆறுங்க.”

ஆற்றுக்கு மட்டும் சார் சரியான சொல்லைப் போட்டார். ஆறு என்பதை இலக்கமாக மாற்ற ஒரு கணம் ஆசை வந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். ஆறு பேரைத் தேடிப் பொலிஸ் தோட்டத்துக்குள் போய்விடும் என்று பயந்து விட்டுவிட்டாராம்.

மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டது: தோட்டப் பாலம் மாயம். அதற்கடுத்த நாள் வீரய்யா எங்கள் கூண்டுக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

“என்ன சார் இது? இல்லாத பாலத்த நான் தின்னுட்டேன்னு சொல்றானுங்க!”

“நீங்கள் ஒதுக்கியாச்சு எண்டு மேடையிலை சொன்னனீங்களாம்.”

“மேடையில சொல்றதெல்லாம் எழுதி வைப்பாங்களா சார்?”

“எழுதி வைக்கிறதுதான் என்ரை வேலை.”

வீரய்யா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவருக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பாலம் ஒதுக்கியதாகச் சொன்னது வெறும் பேச்சு என்று ஒத்துக்கொள்வது. மற்றது, பாலத்தைக் காட்டுவது. பேச்சு வெறும் பேச்சு என்று ஒத்துக்கொள்ளும் பழக்கத்தை ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று பயந்த மாகாண வீதி அமைச்சர், வீரய்யா கேட்பதற்கு முன்பே பொறியியலாளரைக் கூப்பிட்டுவிட்டார். குழு நேரில் பார்க்க வருவதற்குள் அங்கே ஒரு பாலம் நிற்க வேண்டும். நேற்றுக் கட்டியது மாதிரியும் இருக்கக்கூடாது.

எங்கோ கழற்றிய இரும்புச் சட்டங்கள் வந்தன. சீமெந்து வந்தது. எங்கள் மாகாணத்தில் அவ்வளவு வேகமாக எழும்பிய வேறு பாலத்தை நான் அறியேன். வேலை முடியும் தறுவாயில் பெயர்ப்பலகையின் சிங்கள வாசகம் தமிழாக்கத்துக்காகச் சாரிடம் வந்தது: வெட கிணும் பாலம. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘பணியக் கணக்குப் பாலம்’ என்று எழுதினார். ‘ய’வை மட்டும் மற்ற எழுத்துகளை விடப் பெரிதாக, இரண்டு தரம் அழுத்தி எழுதினார். தான் வெட்டியதைத் திருப்பிக் கொடுத்தார்.

குழு நேரில் போன நாள் கார்த்திகை மாத ஆரம்பம். மழை தொடங்கிவிட்டது. மூன்று ஜீப்புகள். சாருக்குத் தோட்டத்துக்குள் இறங்குவது அதுதான் முதல்தடவை. பதுளையில் அவ்வளவு காலம் இருந்தும் பெருந்தெருவை விட்டுக் கீழே போனதில்லை. பளபளக்கும் சப்பாத்தோடு சறுக்கிச் சறுக்கி இறங்கினார். லயத்துப் பொம்பளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, “அந்தா வாறாரு பாரு, கணக்கு சார்” என்றாள். அன்றிலிருந்து தோட்டத்தில் அவருக்கு அதுதான் பெயர்.

தலைவர் பாலத்தின் நடுவில் போய் நின்று, சுற்றிப் பார்த்து, “காணாமல் போன பாலம் எங்கே?” என்று அதட்டினார்.

பொறியியலாளர் பணிவாக, “ஐயா அதன் மேல்தான் நிற்கிறீர்கள்” என்றார்.

தலைவர் குனிந்து பார்த்தார். சீமெந்தில் ஒரு நாயின் காலடிகள் ஈரம் காய்ந்தும் காயாமலும் பதிந்திருந்தன. அவர் முட்டாள் இல்லை. அங்கம்மாவைக் கூப்பிட்டார். “உண்மையைச் சொல்லுங்கள். இந்தப் பாலம் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறது?”

வீரய்யா வானத்தைப் பார்த்தார். பொறியியலாளர் நாயைத் தேடினார். அங்கம்மா பாலத்தையும் பார்த்தாள், சாரையும் பார்த்தாள்.

“எங்க கணக்குல ரொம்ப நாளா இருந்துச்சுங்க. இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது.”

சார் அதை ஒரு சொல் பிசகாமல் பெயர்த்தார். தலைவர் வெகுநேரம் சாரின் முகத்தைப் பார்த்தார். அங்கே என்றைக்கும் எதுவும் எழுதியிருக்காது. விசாரணை தொடரும் என்று அறிவித்துவிட்டு, ஜீப்பைப் பார்த்து ஏறத் தொடங்கினார்.

திரும்பும்போதுதான் சார் பெயர்ப்பலகையைக் கண்டார். ‘ய’ இருந்தது. பெரிதாகவே இருந்தது. ஆனால் பெயின்டர் ‘பனியக் கணக்குப் பாலம்’ என்று எழுதியிருந்தான். சாரின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போயிற்று. சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

“என்னாங்க சார்?” என்றாள் அங்கம்மா.

“அம்மா, இது மூண்டு சுழி வர வேண்டிய இடம். எழுதியிருக்கிறது ரெண்டு சுழி. இப்ப இது பனிக் காலத்துப் பனி ஆகிப்போச்சு.”

அங்கம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பாலத்தின் மறுபக்கமே தெரியவில்லை. நமுனுகுலவிலிருந்து இறங்கிய பனி ஆற்றையும் லயத்தையும் மூடியிருந்தது. “இங்க அதுதானங்க ஜாஸ்தி” என்றாள்.

சார் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். நான் பார்க்க அவர் திருத்தாமல் விட்ட பலகை அது ஒன்றுதான்.

அந்த மார்கழியும் ஆறு வந்தது. கட்டை கிடைக்காமல் பாலத்தை முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. லதுஷா மறுகரையிலிருந்து காலில் ஈரம் படாமல் பரீட்சைக்குப் போனாள். பெறுபேறு வந்த அன்று அங்கம்மா சபைக்கே வந்துவிட்டாள். சார் கூண்டிலிருந்து வெளியே ஓடி வந்தார்.

“என்ன வந்தது?”

“எஸ்ஸுங்க சார்.” அதாவது கடைசித் தர சித்தி. “இம்புட்டுப் பெரிய பாலத்தக் கட்டி, வெறும் எஸ்! அந்தப் புள்ளைய என்னா செய்யலாம் சொல்லுங்க.”

“எஸ் எண்டாலும் சித்திதான், அம்மா. கணக்கு சரி வந்திட்டுது.” பிறகு தன் வாழ்நாளில் முதல்முறையாக, “ஷப்ராஸ், மூண்டு தேத்தண்ணி. சீனி கூடப் போட்டு” என்றார்.

அதன் பிறகு சபையின் காலம் முடிந்தது. மறுபடி தேர்தல் வரவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இப்போது பழைய கோப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். மின்விசிறியைத் தாராளமாகப் போடலாம். சார் ஓய்வு பெற்றார். சென்ற மாதம் ஒரு காலையில், பத்திரிகையில் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டார். எந்தச் சொல்லுக்கு வட்டம் போட்டார் என்று குணமணி அக்கா பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நினைவு மலரில் பிழை இருக்கிறதாமே, திருத்தித் தாரும் பிள்ளை, மற்றப் பிரதிகளை மாற்றி அடிக்கலாம் என்று அக்கா போனில் கேட்டார். எல்லாவற்றையும் திருத்தினேன். ‘உயர்ந்த பனி’யை மட்டும் விட்டுவிட்டேன்.

செத்த வீட்டுக்கு அங்கம்மா வந்திருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

“ஏம்மா, அந்தப் பாலத்தக் கண்டுபுடிச்சிட்டாங்களா?”

குழுவின் கடைசி அறிக்கையில் அது நிலுவையில் இருக்கிறது. சபை கலைந்தபோது முடியாத விசாரணைகளின் வரிசையில், வெட கிணும, பாலம் ஒன்று, காணவில்லை என்று போட்டு, கீழே மொழிபெயர்ப்புச் சரியானது என்று சாரின் கையெழுத்தும் இருக்கிறது. அதை முடித்து வைக்கச் சபை வேண்டும். சபை இல்லை.

“இன்னும் இல்லைக்கா” என்றேன்.

“தேடட்டும், தேடட்டும்” என்றாள். பிறகு வெளியே வெயிலைப் பார்த்து அவசரமாக எழுந்தாள். பசறை பஸ் போய்விடுமாம். இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்ட வேண்டுமாம்.